பாத்திரக் குறிப்பும் நாமும்: நடிகர் தேர்வு நம்மை வடிவமைக்கும் விதமும் அதைக் கையாளும் வழியும்

ஒரு நடிகருக்கு வரும் வாய்ப்பு பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. "35 வயது, கண்டிப்பான அண்ணன், அதிகம் பேசாதவர்" என்றோ, "நாயகியின் தோழி, கலகலப்பானவள், சற்றுப் பருமன்" என்றோ ஒரு பாத்திரக் குறிப்பு கைபேசிக்கு வந்து சேர்கிறது. அதைப் படித்தவுடன் பெரும்பாலான நடிகர்கள் வசனத்தாளைத் திறப்பதற்கு முன் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள். தாம் அப்படித்தான் இருக்கிறோமா, பிறர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறோமா என்ற ஐயம் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது முறை எழுந்து அடங்கும்போது, அது வெறும் தொழில் சார்ந்த கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அண்ணன் வேடத்துக்கே அழைக்கப்படும் ஒருவர் தம் குரலை அண்ணன் குரலாகவே பழக்குகிறார். அந்த நடைக்கும் அந்தப் பார்வைக்குமே அவருக்குப் பயிற்சி கிடைக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் அந்த ஒரு வரிக் குறிப்பு அவரைப் பற்றிய உண்மையாகவே ஆகிவிடுகிறது. இந்தச் சுழற்சியைக் கவனித்து, அதைத் தன் விருப்பப்படி நகர்த்துவது எப்படி என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

இது புதிய சிக்கலன்று. இத்தாலிய முகமூடி நாடகக் குழுக்களில் ஒருவர் ஒரே பாத்திர வகையைத் தம் வாழ்நாள் முழுவதும் ஏற்பது வழக்கமாயிருந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கில நாடகக் குழுக்கள் நாயகன், வில்லன், கோமாளி, கிழவி என்ற வகைக்கு ஆளை எடுத்தன; குறிப்பிட்ட நாடகத்துக்கு ஆளை எடுக்கவில்லை. நம் மேடையின் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்ற சொற்களும் இதே ஏற்பாட்டைத்தான் சொல்கின்றன. அன்று வகை என்பது வெளிப்படையான வேலைப் பிரிவாக இருந்தது. இன்று அதை யாரும் எழுதித் தருவதில்லை, ஆனால் எல்லோரும் அதன்படியே அழைக்கிறார்கள். எழுதப்படாத விதியோடு பேரம் பேசுவது கடினம். ஆகவே அதை முதலில் நாமே எழுதிப் பார்க்க வேண்டும்.

மேசையின் மறுபக்கம் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆடிஷன்களில் நடிகருக்கு எதிர்வசனம் வாசிப்பவனாகச் சில காலம் நான் அமர்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: நன்றாக நடித்தவர் தேர்வாகாமல் போவது அன்றாட நிகழ்ச்சி, அதற்கான காரணம் பெரும்பாலும் அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். தங்கை வேடத்துக்கு ஏற்கெனவே ஒருவர் ஒப்பந்தமாகிவிட்டால், அக்காவின் முகம் அவரோடு ஒத்துப்போக வேண்டும். நாயகன் உயரம் குறைந்தவராயின் உயரமான வில்லனைத் தள்ளிவைக்கிறார்கள், அல்லது அந்த வேறுபாட்டுக்காகவே அவரைத் தேடுகிறார்கள். தேதிகள் மோதுகின்றன, தயாரிப்பாளர் மனத்தில் வேறொரு முகம் இருக்கிறது, எழுத்தாளர் பாத்திரத்தின் வயதையே மாற்றிவிடுகிறார்.

காஸ்டிங் டைரக்டர்தான் முடிவெடுக்கிறார் என்று நினைத்து அவர்மீது கோபப்படும் நடிகர்கள் பலர். உண்மையில் அவர் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான பதிவுகளைப் பார்த்துச் சில பெயர்களாகச் சுருக்கித் தருபவர். இறுதிச் சொல் இயக்குநருடையது, தயாரிப்புத் தரப்புடையது. அவர் அனுப்பிய பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததா என்பதே உங்கள் நடிப்பைப் பற்றிய கூடுதல் நம்பகமான செய்தி. பட்டியலில் இருந்து, பிறகு எடுக்கப்படாமல் போனால், அது நடிப்பைப் பற்றிய செய்தி அன்று. இந்தக் கலையின் வேலை எவ்வளவு மறைவாக நடந்துவந்திருக்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம்: ஆஸ்கர் விருதுகளில் நடிகர் தேர்வுக்கென்று தனிப் பிரிவு 2025-ஆம் ஆண்டுத் திரைப்படங்களிலிருந்துதான் தொடங்கியது, பிரிட்டனின் பாஃப்டா அதை 2020-இல் தொடங்கியது.

காசு கேட்கும் தேர்வு தேர்வே அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம், போட்டோ கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், தனியறைச் சந்திப்புக்கு அழைத்தாலும் விலகிவிடுங்கள். "நீ இந்த வேடத்துக்கே பிறந்தவன்" என்ற சொல்லோடுதான் இத்தகைய வலைகள் வரும். தன்னைப் பற்றிய ஐயத்தில் இருப்பவரிடம் அது எளிதில் வேலை செய்யும்.

ஒரு குறிப்பேடு தொடங்குங்கள்

வரும் ஒவ்வொரு அழைப்பையும் அதன் சொற்கள் மாறாமல் எழுதிவைக்க வேண்டும். அருகில், எந்தப் புகைப்படத்தைப் பார்த்து அழைத்தார்கள், நீங்கள் என்ன செய்து காட்டினீர்கள், எப்படித் திருத்திச் செய்யச் சொன்னார்கள், அடுத்த சுற்றுக்குப் போனீர்களா என்பவற்றையும் குறியுங்கள். இவற்றோடு இன்னொன்றையும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அதே கதையில் உங்களுக்குப் பிடித்த வேடம் எது என்பதே அது. அழைப்பு எதுவும் வராத மாதங்களில், நீங்கள் பார்த்த நாடகம் அல்லது படத்தில் "இதை நான் செய்திருப்பேன்" என்று தோன்றிய பாத்திரத்தைப் பதிந்துவையுங்கள்.

இருபத்தைந்து முப்பது பதிவுகள் சேர்ந்த பிறகு, உங்களைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் முதல் பகுதியை மட்டும் காட்டி, இது எப்படிப்பட்ட ஆள் என்று கேளுங்கள். அவர் தரும் விடைதான் சந்தையில் உலவும் உங்கள் உருவம். அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்காததாலேயே அது பொய்யாகிவிடாது. பிறகு, திரும்பத் திரும்ப வரும் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று பிரித்துப் பாருங்கள். சில சொற்கள் புகைப்படத்திலிருந்து வருபவை. சிரிக்காத ஒரு படத்தைத் தொடர்ந்து அனுப்பிவந்தால் கடுகடுப்பான வேடங்களே வரும். இதைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும். சில சொற்கள் குரல், நடை, பேச்சு வேகம் ஆகியவற்றிலிருந்து வருபவை. இவற்றுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், ஆனால் மாற்ற முடியும். மூன்றாம் வகைச் சொற்கள் நிறம், பிறப்பு, உடல் அமைப்பு, பேச்சு வழக்கு, வயது, பாலினம் ஆகியவற்றைப் பற்றிய பிறருடைய முன்முடிவிலிருந்து வருபவை. இவற்றை உங்கள் குறைகளின் பட்டியலில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

இந்த மூன்றாம் வகையை ஒருவர் தம் திறமைக் குறைவு என்று தவறாகப் புரிந்துகொள்வதைப் போல நடிப்பு வாழ்க்கையைச் சிதைப்பது வேறொன்றுமில்லை என்பது என் எண்ணம். சீன வம்சாவளி அமெரிக்க நடிகை அன்னா மே வாங் 1920-களிலேயே பெயர்பெற்றவர். சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றி ஹாலிவுட் எடுத்து 1937-இல் வெளியிட்ட ஒரு பெரிய படத்தில் மனைவி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கணவன் வேடம் வெள்ளையரான பால் முனிக்குப் போயிருந்தது; வெவ்வேறு இனத்தவரின் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று அன்றைய தணிக்கை விதி சொன்னது. அந்த வேடத்தில் ஐரோப்பியரான லூயிஸ் ரெய்னர் நடித்து ஆஸ்கர் விருதும் பெற்றார். அன்னா மே வாங் இன்னும் சிறப்பாகச் சோதனைக் காட்சி செய்திருந்தாலும் விளைவு மாறியிருக்காது. அத்தகைய கதவு அடைபடும்போது நடிகர் செய்யத்தக்கது, இன்னும் கடுமையாகத் தன்னைத் திருத்திக்கொள்வதன்று. எந்தக் கதவு எதனால் அடைபட்டது என்று குறிப்பேட்டில் உள்ளபடி எழுதிவிட்டு, சங்கத்தின் மூலமாகவோ சக நடிகர்களோடு சேர்ந்தோ அந்த விதியைக் கேள்வி கேட்பதும், வேறு கதவுகளைத் தேடுவதும்தான்.

வகையைப் பயன்படுத்துங்கள், அதன் விலையையும் கணக்கிடுங்கள்

தொடக்க நிலையில் ஒரு வகைக்குள் அடங்குவது இழுக்கன்று. யார் இவர் என்று தெரியாத ஒருவரை மறக்காமல் வைத்துக்கொள்ள, தேர்வு செய்பவருக்கு ஒரு பிடி வேண்டும். "எந்த வேடமும் செய்வேன்" என்று சொல்பவர் எந்த வேடத்துக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் உருவத்தோடு இயல்பாகப் பொருந்தும் வேடங்களை முன்னிறுத்துங்கள். அவற்றில் நேர்த்தியாகச் செய்து, நேரத்துக்கு வந்து, வசனம் தவறாமல் பேசி, நம்பிக்கையைச் சம்பாதியுங்கள். பின்னால் வேறு வேடம் கேட்கும்போது செலவழிக்கப்போகும் மூலதனம் இதுதான்.

சிக்கல் தொடங்குவது அந்த வகை வருமானமாக மாறும்போது. அமெரிக்க மேடை நடிகர் ஜேம்ஸ் ஓ'நீல் 1883-இல் மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் வேடத்தை ஏற்றார். பார்வையாளர்கள் அதையே கேட்டார்கள். நாடக உரிமையையும் அவரே வாங்கிக்கொண்டார். ஆயிரக்கணக்கான முறை அதே வேடத்தில் மேடையேறினார். பணம் குவிந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெரிய நடிகராக வந்திருக்க வேண்டியவர் அந்த ஒரே வேடத்தில் தம்மைக் கரைத்துக்கொண்டார் என்ற மனக்கசப்பை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவருடைய மகன் யூஜீன் ஓ'நீல் தம் தந்தையின் சாயலில் அமைத்த நாடகப் பாத்திரம் ஒன்றில் எழுதிவைத்தார். இதைப் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் தொடரை நாளையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை என்பதும் ஓர் அடையாளச் சிக்கல்தான். ஆனால் பழகிய வேடம் மறுபடி வரும்போது, இதில் நான் இதுவரை செய்யாத ஒரு காட்சியாவது இருக்கிறதா, இதனால் கிடைக்கும் வருமானம் எனக்கு எத்தனை மாத ஓய்வை வாங்கித் தரும், அந்த ஓய்வில் எதைப் பழகப்போகிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால், அந்த ஒப்பந்தம் உங்களுக்குப் பணத்தை மட்டுமே தரும் என்பதைத் தெரிந்தே கையெழுத்திடுகிறீர்கள்.

வேறு வேடத்துக்குச் சான்று தயாரியுங்கள்

உருவத்தை மாற்றுவது வேண்டுகோளால் நடப்பதில்லை. தேர்வு செய்பவர் தம் வேலையைப் பணயம் வைக்கிறார். கண்ணால் பார்க்கக்கூடிய சான்று ஒன்று இருந்தால்தான் அவரும் தம் மேலிடத்தில் வாதாட முடியும். பிரையன் கிரான்ஸ்டன் 2000 முதல் 2006 வரை ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில் அசட்டுத் தந்தையாக நடித்து அறியப்பட்டவர். போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கும் வேதியியல் ஆசிரியரைப் பற்றிய புதிய தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், அந்த வேடத்துக்கு அவரைப் பரிந்துரைத்தபோது தொலைக்காட்சி நிறுவனத்தார் தயங்கினார்கள். 1998-இல் கில்லிகன் எழுதிய வேறொரு தொடரின் ஓர் அத்தியாயத்தில், வெறுக்கத்தக்க ஆனால் இரக்கத்துக்கும் உரிய மனிதனாகக் கிரான்ஸ்டன் நடித்திருந்தார். அதைப் போட்டுக் காட்டிய பிறகே தயக்கம் நீங்கியது. 2008-இல் தொடங்கிய அந்தத் தொடர் அவருடைய உருவத்தையே மாற்றிவிட்டது. அதற்கு வழி திறந்தது, பத்தாண்டுகளுக்கு முன் ஒரே ஓர் அத்தியாயத்துக்கு வந்து போன வேடம்.

நாகேஷின் கதையிலும் இதே இழை ஓடுகிறது. திரையில் பெரிதும் சிரிக்க வைப்பவராகவே தெரிந்த அவரை மேடையில் அருகிருந்து அறிந்த இயக்குநர் கே. பாலச்சந்தர், 1965-இல் தாம் முதன்முதலாக இயக்கிய திரைப்படத்தில் மரணத்தை எதிர்நோக்கும் நோயாளியாக நடிக்க அவரையே அழைத்தார். உங்களை மாற்று உருவத்தில் முதலில் பார்க்கப்போகிறவர் பெரும்பாலும் உங்களோடு ஏற்கெனவே வேலை செய்த ஒருவராகத்தான் இருப்பார். ஆதலால் முன்பின் தெரியாத நூறு அலுவலகங்களுக்குப் படம் அனுப்புவதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, உங்களை அறிந்த நான்கைந்து எழுத்தாளர்களோடும் உதவி இயக்குநர்களோடும் குறும்படமோ மேடை வாசிப்போ செய்வதில் செலவிடுங்கள்.

செய்து முடித்ததை வெளியே கொண்டுபோவதிலும் ஒரு முறை இருக்கிறது. காட்சித் தொகுப்பின் முதல் அரை நிமிடத்திலேயே புதிய உருவம் வந்துவிட வேண்டும். பழைய வெற்றிகளை முன்னால் வைத்தால் பார்ப்பவர் அதோடு நிறுத்திவிடுவார். புகைப்படங்களையும் மாற்றுங்கள். உங்களுக்காகப் பேசும் மேனேஜர் இருந்தால், "வேறு மாதிரி வேடம் வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "கண்டிப்பான அண்ணன் வந்தால் இந்த ஆண்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம், மருத்துவர், வழக்கறிஞர், மனைவியை இழந்தவர் ஆகிய வேடங்களுக்கு என் பெயரை அனுப்புங்கள்" என்று எண்ணிக்கையோடும் தொழில் பெயரோடும் சொல்லுங்கள். மறுக்கும்போது வேடத்தைப் பழிக்காமல் தேதியையும் நன்றியையும் மட்டும் சொன்னால் போதும். அந்த வேடத்தை எழுதியவர் அடுத்த படத்தையும் எழுதுவார்.

தேர்வு நாளில்

இதில் சொல்ல அதிகமில்லை. காட்சியைப் படித்துவிட்டு, இந்த ஆள் இந்த நொடியில் எதை விரும்புகிறான் என்று ஒரு தெளிவான முடிவெடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் மனத்தில் இருப்பதை ஊகித்து அதுவாக மாற முயல்பவர், அன்று வரும் நாற்பது பேரில் முப்பது பேரைப் போலவே இருப்பார். முதல்முறை செய்த பிறகு "கொஞ்சம் கோபத்தைக் குறைத்துச் செய்யுங்கள்" என்பது போன்ற திருத்தம் வந்தால் கலங்க வேண்டாம். முதல் முறை பிழை என்பது அதன் பொருளன்று. சொன்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவரா என்று பார்க்கிறார்கள், அந்தச் சிறு மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புவதாயின் மூன்று நான்கு முறைக்கு மேல் எடுக்காதீர்கள். முப்பதாவது முறை எடுக்கும்போது நீங்கள் அந்தப் பாத்திரத்தைச் செய்துகொண்டிருப்பதில்லை, உங்கள் முகத்தின் குறைகளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அனுப்பிய பிறகு பதில் வராது. பெரும்பாலும் "இல்லை" என்ற சொல்கூட வராது. அந்த மௌனத்தை நிரப்ப மனம் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கும். அது எப்போதும் மூக்கையோ நிறத்தையோ வயதையோ பற்றியதாகத்தான் இருக்கும். குறிப்பேட்டில் தேதியை எழுதி மூடிவிட்டு, அன்றைக்கே உடலைக் களைக்க வைக்கும் வேறு வேலை ஒன்றில் இறங்குங்கள்.

வேடத்திலிருந்து வெளியே வாருங்கள், பெயரைக் கையில் வைத்திருங்கள்

நீண்ட காலம் ஏற்ற வேடம் உடலில் தங்கும். தோள் குனிவதும், பல்லைக் கடிப்பதும், எரிச்சலான குரலும் வீட்டுக்குக் கூடவே வரும். நாடகச் சிகிச்சையில், வேடத்திலிருந்து விடுபடும் பயிற்சி ஒன்று உண்டு. அதை எந்த நடிகரும் பத்து நிமிடத்தில் செய்துகொள்ளலாம். உடையைக் களையும்போது ஒவ்வொரு பொருளையும் அந்தப் பாத்திரத்துக்கு உரியதாக எண்ணிக் கழற்றி வையுங்கள், கைகால்களை உதறுங்கள், உங்கள் பெயரையும், இன்றைய தேதியையும், இனிச் செல்லவிருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு, அந்தப் பாத்திரத்துக்கும் உங்களுக்கும் பொதுவான ஒன்றையும், ஒருபோதும் பொதுவாகாத ஒன்றையும் சொல்லுங்கள். சிரிப்பு வரலாம், அதனால் பாதகமில்லை. பொதுவான ஒன்று இருப்பதை மறுக்காமல் இருப்பது முக்கியம். விண்வெளித் தொடர் ஒன்றில் ஸ்பாக் என்ற பாத்திரத்தில் 1966 முதல் நடித்த லியோனார்ட் நிமாய், 1975-இல் "நான் ஸ்பாக் அல்லன்" என்ற பொருள்படும் தலைப்பில் தன் வரலாறு எழுதினார். 1995-இல் எழுதிய இரண்டாம் நூலுக்கு "நான் ஸ்பாக்" என்ற பொருளில் தலைப்பு வைத்தார். மறுப்பிலிருந்து ஏற்புக்கு வர அவருக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

தேர்வு எட்டிப் பிடிக்கும் கடைசி இடம் பெயர். வி. சி. கணேசன் என்ற இளம் நடிகர், அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைப் பார்த்த பெரியார் அவரைச் "சிவாஜி" கணேசன் என்று அழைத்தார். வாழ்நாள் முழுவதும் அந்த வேடம் அவர் பெயருக்கு முன்னால் நின்றது. அவருக்கு அது மகுடமாயிற்று. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. தமிழ்த் திரையில் முதற்படத்தின் பெயரை முன்னொட்டாகச் சுமப்பவர்கள் பலர். நாயகனாக நடித்து 2003-இல் வந்த முதற்படத்தால் ஜெயம் ரவி என்று அறியப்பட்டவர், 2025 ஜனவரியில் இனித் தம்மை ரவி மோகன் என்று அழைக்குமாறு கேட்டுக்கொண்டார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எனவே முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே, பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் எந்த எழுத்துகளில், எந்த முன்னொட்டோடு அல்லது முன்னொட்டு இல்லாமல் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சுவரொட்டிக்கும், விளம்பரப் பேட்டிகளுக்கும், செய்திக் குறிப்புகளுக்கும் அதே வடிவம்தான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.